சிதம்பரம் தொகுதியும் திரும்ப அழைக்கும் உரிமையும்

2019 மக்களவைத் தேர்தலில் சிதம்பரம் தனித்தொகுதியில் தொல். திருமாவளவன் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவர் பெற்றவை 5,00,229 வாக்குகள். எதிர்த்து நின்ற அ.தி.மு.க. வேட்பாளர் பெற்றவை 4,97,010. தொகுதியின் மொத்த வாக்காளர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். மக்களவை உறுப்பினரை வாக்காளர்களே பதவிக்காலத்தின் நடுவில் திரும்ப அழைக்கலாமா என்ற விவாதத்தை இந்த எண்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். வருண் காந்தியின் 2016-ஆம் ஆண்டுத் தனிநபர் மசோதா, வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் திரும்ப அழைக்கும் நடைமுறை தொடங்கும் என்றது. சிதம்பரத்தில் அது 3.75 லட்சத்தை ஒட்டி வரும். தோற்றவருக்கு வாக்களித்தவர்களே அதைவிட ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். அடுத்த கட்டத்துக்கு நான்கில் மூன்று பங்கு என்ற உயர்ந்த வரம்பை அந்த மசோதா வைத்திருந்தது உண்மைதான். ஆனால் உறுப்பினர் என்ன செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்ற பேச்சே எழாமல், தோற்ற அணி நினைத்தாலே மனு நிறைந்துவிடும் என்றால், அங்கே அளக்கப்படுவது உறுப்பினரின் பணியன்று; பழைய தேர்தலின் ஆத்திரம்.

இன்றைய சட்டநிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மக்களவை உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை இந்திய வாக்காளருக்கு இல்லை. அரசியலமைப்பின் 101, 102-ஆம் பிரிவுகள் இடம் காலியாவதற்கும் தகுதியிழப்புக்கும் சொல்லும் காரணங்களில் வாக்காளரின் விருப்பம் சேரவில்லை. 1947 ஜூலையில் அரசியல் நிர்ணய சபையில் இக்கோரிக்கை எழுந்தபோது, ஒருசிலரின் தவறுக்காக அரசியலமைப்பில் இதைச் சேர்க்க வேண்டாம் என்று வல்லபபாய் படேல் மறுத்தார். 1974-ல் சி.கே. சந்திரப்பன் மக்களவையில் கொண்டுவந்த திருத்த மசோதாவை வாஜ்பாய் ஆதரித்தும் அது நிறைவேறவில்லை. 2011-ல் அண்ணா ஹசாரே இயக்கம் கேட்டபோது, தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த எஸ்.ஒய். குரேஷி இந்தியச் சூழலுக்கு இது ஒத்துவராது என்றார்.

இந்த இடத்தில் தமிழ் மேடைகளில் உத்திரமேரூர் தவறாமல் வந்துவிடுகிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது. பொறுப்பில் இருக்கும்போது குற்றம் செய்தவர் நீக்கப்படுவார். பெருமைக்குரிய ஏற்பாடு. ஆயினும் அது நிலமும் வேதப் பயிற்சியும் தகுதிகளாக வைக்கப்பட்ட பிராமணச் சபையின் விதி. ஊரில் உழுதவருக்கு அதில் குரல் இல்லை. வாக்காளர் மனம் மாறினால் உறுப்பினரை நீக்கலாம் என்றும் அது சொல்லவில்லை. அங்கே நீக்கத்துக்குக் குற்றம் வேண்டும். இந்த வேறுபாடு என் வாதத்துக்கு அடிப்படை: அதிருப்திக்காகத் திரும்ப அழைப்பது ஒன்று, நிறுவப்பட்ட தவறுக்காகத் திரும்ப அழைப்பது வேறு.

அதிருப்தி வழியை நாம் ஏற்கெனவே உள்ளாட்சியில் பார்த்திருக்கிறோம். மத்தியப் பிரதேச நகராட்சிகள் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்டுக் குறிப்பிட்ட காலம் கடந்த தலைவரை மக்கள் வாக்கெடுப்பால் நீக்க இடம் தருகிறது. வாக்குச்சீட்டில் நிறைந்த நாற்காலி ஒன்று, வெற்று நாற்காலி ஒன்று. எது வேண்டும் என்று மக்கள் முத்திரையிட வேண்டும். இதே விதி இருந்த சத்தீஸ்கரில் 2008-ல் நகர உள்ளாட்சித் தலைவர்கள் மூவர் இப்படிப் பதவியிழந்தார்கள். ஆனால் தொடங்கிவைப்பவர்கள் மக்கள் அல்லர். கவுன்சிலர்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும். தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் உள்ள பூசல்தான் பெரும்பாலும் வாக்குச்சாவடிக்கு வந்து சேரும் என்பது இந்த அமைப்பிலேயே தெரிகிறது. தைவானில் 2025 ஜூலை 26 அன்று ஒரே நாளில் எதிர்க்கட்சியின் 24 சட்டமன்ற உறுப்பினர்கள் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பைச் சந்தித்தார்கள். ஒருவரும் பதவியிழக்கவில்லை. நாடு இன்னொரு பொதுத்தேர்தலை நடத்தி முடித்தது, அவ்வளவே.

சிதம்பரத்துக்குத் திரும்புவோம். 1957-ல் இது இரட்டை உறுப்பினர் தொகுதி. கனகசபைப் பிள்ளையும் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாளும் இங்கிருந்து மக்களவைக்குப் போனார்கள். தீண்டாமை குறித்த அகில இந்தியக் குழுவுக்குத் தலைமையேற்று 1969-ல் அறிக்கை அளித்தவர் அதே இளையபெருமாள். 1932 பூனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டுக் கூட்டு வாக்காளர் தொகுதியை ஏற்றது. அதனால் தனித்தொகுதி உறுப்பினர் தலித்தாக இருப்பார். அவரைத் தேர்ந்தெடுப்போரில் பெரும்பான்மையினர் தலித் அல்லாதவராக இருப்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர் இந்தப் பெரும்பான்மையின் இசைவைப் பெற்றாக வேண்டும். அதிருப்திக்காகத் திரும்ப அழைக்கும் உரிமை வந்தால் அந்த இசைவை ஒவ்வொரு நாளும் பெற்றாக வேண்டும். இளையபெருமாள் எழுதியது போன்ற அறிக்கையை எழுதுகிறவருக்கு அது கிடைக்குமா?

இது வெறும் அச்சமன்று. 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், இத்தொகுதிக்குட்பட்ட பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. 2020-ல் சிதம்பரத்தை அடுத்த புவனகிரி ஒன்றியத்தின் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் வெளியாகி நாடே பார்த்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தத் தலைவருக்குச் சட்டம் கொடுத்த நாற்காலியையே ஊர் கொடுக்கவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்தாலும், விசாரித்து முடிவெடுப்பது ஆட்சியர். அந்த இடைநிலை விசாரணை மட்டும் இல்லாதிருந்தால் எத்தனை தலித், பெண் தலைவர்கள் முதல் ஆண்டிலேயே வீடு திரும்பியிருப்பார்கள் என்பதை நம் ஊராட்சிகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் கால்வாய்ப் பணிக்காக இயந்திரங்கள் இறங்கின. வளையமாதேவி சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அடங்கியது, என்.எல்.சி. ஒன்றிய அரசின் நிறுவனம். எங்கள் எம்.பி. என்ன செய்தார் என்று உழவர் கேட்பது முழு நியாயம். ஆனால் 1985-ல் அரசியலமைப்பில் சேர்ந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடாவின் உத்தரவை மீறி அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரும். கட்சி சொன்னபடி வாக்களித்ததற்காகத் தொகுதி அவரை நீக்கும். தொகுதி சொன்னபடி வாக்களித்தால் கட்சி நீக்கும். இந்தப் பூட்டைத் தளர்த்தாமல் திரும்ப அழைக்கும் உரிமையைக் கொடுத்தால், பயிரை அழித்த முடிவை எடுத்தவர்கள் தப்பிவிடுவார்கள், அந்த முடிவில் கைவைக்கவே முடியாதவர் பதவியிழப்பார்.

அப்படியானால் படேலின் வழியே சரியா? இல்லை. உறுப்பினரின் பதவியைப் பறிக்க இன்று மூன்று தரப்புகளுக்கு வழி இருக்கிறது: நீதிமன்றத்துக்கு, கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் வழியே கட்சித் தலைமைக்கு, அவையின் பெரும்பான்மைக்கு. 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் பெற்றதாக 11 உறுப்பினர்களை நாடாளுமன்றம் வெளியேற்றியது. அவைக்கு அந்த அதிகாரம் உண்டென்று 2007-ல் உச்ச நீதிமன்றம் ராஜா ராம் பால் வழக்கில் உறுதிசெய்தது. 2023 டிசம்பரில் மஹுவா மொய்த்ராவை மக்களவை வெளியேற்றியது. 2024-ல் கிருஷ்ணாநகர் வாக்காளர்கள் அவரையே மீண்டும் அனுப்பினார்கள். அவர்களை முன்பே கேட்டிருக்க வேண்டாமா? அனுப்பியவர்களைத் தவிர எல்லோருக்கும் நீக்கும் வழி இருப்பது பெரும் அநீதி.

எனவே நான் முன்வைப்பது பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய வழி. அங்கே சிறைத்தண்டனை, அவையிலிருந்து குறிப்பிட்ட கால இடைநீக்கம், படிச்செலவில் பொய்க்கணக்கு ஆகியவற்றில் ஒன்று நிறுவப்பட்ட பிறகே மனு திறக்கப்படும். ஆறு வாரங்களில் தொகுதியின் 10 விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் இடம் காலியாகி இடைத்தேர்தல் வரும். நீக்கப்பட்டவரும் அதில் நிற்கலாம். 2018-ல் வடக்கு ஆன்ட்ரிம் தொகுதியில் 9.4 விழுக்காடே கிடைத்ததால் உறுப்பினர் தப்பினார். 2019-ல் பீட்டர்பரோ தொகுதியின் உறுப்பினர் பதவியிழந்தார். நம் நாட்டில் இரண்டாண்டும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர், 2013-ன் லில்லி தாமஸ் தீர்ப்புக்குப் பின் உடனே பதவியிழக்கிறார். அதற்குக் குறைந்த தண்டனைகள் பலவும், அவை தரும் நீண்ட இடைநீக்கமும், அவையின் வெளியேற்ற முடிவும் தொகுதியின் முன் வைக்கப்பட வேண்டியவை. அவையின் பெரும்பான்மை எதிர்க்கட்சியினரைக் குறிவைத்தாலும் இறுதிச் சொல் தொகுதியிடமே இருக்கும்.

கடலூர் இதற்கு ஒரு கடினமான சோதனை. 2019-ல் அங்கு வென்ற மக்களவை உறுப்பினர் 2021 அக்டோபரில் ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டுப் பண்ருட்டி நீதிமன்றத்தில் சரணடைந்தார். பதவி தொடர்ந்தது. தொகுதியில் கொதிப்பு இருந்தது இயல்பே. நான் சொல்லும் விதியின்படியும் அப்போது மனு திறக்கப்பட்டிருக்காது, ஏனெனில் குற்றச்சாட்டு தீர்ப்பாகாது. இந்த விடை பலருக்குக் கசக்கும் என்று தெரியும். ஆனால் குற்றச்சாட்டே போதும் என்று வைத்தால், பொய் வழக்கு போடும் ஆற்றலுள்ளவர் கையில் ஒவ்வொரு தொகுதியும் போய்ச்சேரும். அந்த ஆற்றல் யாரிடம் அதிகம் என்பதைத் தனித்தொகுதிகள் அறியும். இங்கே வேண்டியது, மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகள் குறித்த காலத்துக்குள் முடிவது.

கடைசியாக, கையெழுத்து வாங்கும் முறை. வீடு வீடாகத் தாளை நீட்டினால் சேரிக்காரர் எவரும் மறுக்க முடியாது, ஊர்க்காரர் எவரும் தனித்து நிற்க முடியாது. கையெழுத்து, தேர்தல் அலுவலர் நடத்தும் நிலையங்களில் மட்டும், மறைவாக இடப்பட வேண்டும். இன்று வாக்குகளே வாக்குச்சாவடி வாரியாகப் படிவம் 20-ல் வெளியாவதால் எந்தத் தெரு யாருக்கு வாக்களித்தது என்பது விரைவிலேயே தெரிந்துவிடுகிறது. பல சாவடிகளின் வாக்கைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது; இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது வருவதற்கு முன் சிதம்பரத்தில் எந்த மனுவும் திறக்கப்படக் கூடாது.