சாயக் குப்பியில் அளந்த ஒளி

நம் ஊரில் சாயம் என்றால் பனியனும் நொய்யலும்தான் ஞாபகத்துக்கு வரும். இயற்பியல் வரலாற்றில் அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது.

லேசர் பிறந்தது 1960-ல். 1966 வாக்கில் அதிலிருந்து பிக்கோ நொடிக் கணக்கில் மின்னி மறையும் ஒளித் துடிப்புகளை எடுத்துவிட்டார்கள். ஒரு நொடியை லட்சம் கோடி பங்காக்கினால் ஒரு பங்குதான் பிக்கோ நொடி. எடுத்தாயிற்று, அளப்பது எப்படி? ஸ்பின்னிங் மில்லில் ஸ்பிண்டில் வேகம் பார்க்க ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கைப் பிடிப்பார்கள். விளக்கு மின்னும் நேரம் ஸ்பிண்டில் சுற்றும் நேரத்தைவிடக் குறைவு, அதனால் ஸ்பிண்டில் நின்றதுபோல் தெரியும். ஆனால் இந்தத் துடிப்பைவிடக் குறுகியது அன்று யாரிடமும் இல்லை. துணியை அந்தத் துணியாலேயே முழம் போட வேண்டிய நிலை.

1967-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜியோர்ட்மெயின் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். ஒரே துடிப்பை இரண்டாகப் பிரித்து, சாயக் கரைசலுக்குள் எதிரெதிராக அனுப்பினார்கள். அந்தச் சாயம் ஒளித்துகள்களை இரண்டிரண்டாக விழுங்கினால்தான் ஒளிரும். எனவே இரு பாதிகளும் சந்திக்கும் இடத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி. அதைப் படம் பிடித்து நீளத்தை அளந்தார்கள். ஒரு பிக்கோ நொடியில் ஒளி போகும் தூரம் 0.3 மில்லிமீட்டர். காலத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டார்கள்!

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒழுங்கான துடிப்பே இல்லாமல் தாறுமாறாக ஏறி இறங்கும் ஒளியும் தன் நகலைச் சந்திக்கும் இடத்தில் அதே மாதிரிப் புள்ளி போடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உண்மையான துடிப்பென்றால் புள்ளி சுற்றுப்புறத்தைப் போல் 3 மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். வெறும் இரைச்சலென்றால் 1.5 மடங்குதான். நீளத்தை மட்டும் பார்த்தவர்கள் பிரகாசத்தையும் அளக்க வேண்டியதாயிற்று. எம்-புக் பார்த்த குமாஸ்தாக்களுக்கு இது புதிதல்ல. நீளம், அகலம் எழுதியிருந்தால் மட்டும் பில் பாஸ் ஆகாது, செக் மெஷர்மென்ட் வேண்டும்.

பிறகு சாயத்தின் இடத்தைப் படிகங்கள் பிடித்தன. அப்போதும் துடிப்பின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் ட்ரெபினோ, கேன் இருவரும் ஒளியை நிறம் நிறமாகவும் பிரித்துப் பதிந்தார்கள். எந்த நேரத்தில் எந்த ஸ்வரம் என்று குறித்துவைப்பது போல. அந்த முறையின் பெயர்ச் சுருக்கம் ஃபிராக், அதாவது தவளை. பெரிய விஞ்ஞானிகளுக்கும் விளையாட்டுப் புத்தி இருக்கத்தான் செய்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 2023-ல் பியேர் அகொஸ்தினிக்கு நோபல் என்றதும் பிரெஞ்சுச் செய்திகளைத் தேடிப் பிடித்தேன். பிக்கோவைவிடப் பத்து லட்சம் மடங்கு சிறியது அட்டோ நொடி. 2001-ல் இவர் குழு அடுத்தடுத்து வரும் துடிப்புகளை அளந்தபோது ஒவ்வொன்றும் 250 அட்டோ நொடிதான் இருந்தது. அட்டோவுக்கு லத்தீன் வேர் இருக்கும் என்று நினைத்தேன். டேனிஷ் மொழியில் பதினெட்டைக் குறிக்கும் சொல்லாம்!

இதற்கெல்லாம் அமெரிக்காவையும் பிரான்சையும் மட்டுமே பார்க்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மீவிரைவு நிகழ்வுகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது. ஒளி பட்டதும் மூலக்கூறுகளுக்கு என்ன ஆகிறது என்பதை இப்படிப்பட்ட துடிப்புகளை வைத்தே அங்கே ஆராய்கிறார்கள்.