முதிர்ந்த மூளையில் நரம்பணு உருவாக்கம்

பிறப்புக்குப் பின்னும் மூளையில் மூலச் செல்கள் பகுபட்டுப் புதிய நரம்பணுக்கள் தோன்றும் நிகழ்வு. எலி, சுண்டெலி போன்ற கொறிணிகளில் இது இரண்டு இடங்களில் வாழ்நாள் முழுதும் நடக்கிறது. ஒன்று, நினைவு பதிய இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் பகுதியைச் சேர்ந்த டென்டேட் கைரஸ். மற்றொன்று மூளையின் பக்க அறைகளின் சுவர். அங்கே பிறப்பவை முகர்வுக் குமிழுக்கு நகர்ந்து சேர்கின்றன. மனிதரிடம் இது எவ்வளவு நடக்கிறது, எந்த வயது வரை நீடிக்கிறது என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. முதலில் புறக்கணிக்கப்பட்டவர் பின்னாளில் வென்ற கதையாகவே இத்துறையின் வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பாதி உண்மை என்றே தோன்றுகிறது. புதிய செல்கள் பிறக்கின்றன என்ற கருத்துக்கு எதிராக எழுந்த வலுவான மறுப்புகள் வீண்போகவில்லை. அவை உருமாறி விடைக்குள்ளேயே இடம்பெற்றன.

ஸ்பெயின் நாட்டு உடற்கூறியலாளர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் 1913-14இல் வெளியிட்ட பெருநூலில், வளர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் மாறாதவை, அழிந்தவை மீளா என்ற முடிவுக்கு வந்தார். அவர் கையாண்ட வெள்ளிச் சாயமுறை ஒரு செல்லின் வடிவத்தை அழகுறக் காட்டும். அதன் வயதைக் காட்டாது. எலி மூளையில் பகுபடும் செல்களைக் கண்டதாக எஸ்ரா ஆலன் 1912இல் எழுதியதைப் பின்வந்தோர் பொருட்படுத்தவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

செல்லின் பிறந்த நாளைக் குறிக்க வழிசெய்தது 1950களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்த ட்ரிட்டியம் ஏற்றிய தைமிடின். பகுபடப் போகும் செல் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இந்தக் கதிரியக்கப் பொருளையும் சேர்த்துக்கொள்ளும். பிறகு மூளைச் சீவல்மேல் ஒளிப்படப் பசையைப் பூசிப் பல வாரங்கள் இருட்டில் வைத்தால், அந்தச் செல்லின் உட்கருமேல் கரும்புள்ளிகள் தோன்றும். புடாபெஸ்ட்டில் பிறந்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசஃப் ஆல்ட்மன் இம்முறையைக் கைக்கொண்டு, வளர்ந்த பாலூட்டிகளில் புதிய நரம்பணுக்கள் உருவாகின்றனவா என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1962இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். 1965இல் கோபால் தாஸுடன் சேர்ந்து, எலியின் ஹிப்போகாம்பஸில் பிறப்புக்குப் பின் தோன்றும் துகளணுக்களை விரிவாக விவரித்தார். குறியேறிய செல்கள் மிகச் சிறியவை, அவை நரம்பணுக்களைத் தாங்கும் கிளியா செல்களாக இருக்கலாம் என்பது எழுந்த முதல் மறுப்பு. ஒளி நுண்ணோக்கியால் இரண்டையும் ஐயமறப் பிரிக்க இயலாத காலத்தில் அது நேர்மையான கேள்வி. 1977இல் மைக்கேல் கேப்லனும் ஜேம்ஸ் ஹைண்ட்ஸும் மின்னணு நுண்ணோக்கியால் அச்செல்களில் நரம்பிணைப்புகளைக் காட்டினர்; அதன் பின்னும் ஐயம் கரையவில்லை. எனினும் அந்த மறுப்பில் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. புதிய நரம்பணுக்களைப் பெற்றெடுக்கும் மூலச் செல்களே கிளியா இயல்பு கொண்டவை என்பது 1999க்கும் 2001க்கும் இடையில் ஆர்துரோ ஆல்வரெஸ்-புய்யா குழுவின் ஆய்வுகளால் தெரியவந்தது.

ஐயம் நீடித்த அக்காலத்தின் மிக எழிலான சான்று பறவைகளிடமிருந்து வந்தது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ நோட்டபோம், கேனரிக் குருவியின் பாட்டை ஆளும் மூளைப்பகுதியில் புதிய நரம்பணுக்கள் சேர்வதை ஸ்டீவன் கோல்ட்மனுடன் 1983இல் கண்டார். ஆண் கேனரி ஆண்டுதோறும் தன் பாட்டை மாற்றியமைக்கும் பறவை என்பதை இங்கே நினைக்க வேண்டும். மறு ஆண்டே அவரது குழு, குறியேறிய செல்கள் ஒலிக்கு மின்துடிப்பால் விடையளிப்பதைப் பதிவுசெய்தது. இலையுதிர் காலத்தில் விதைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்துப் பின்னர் தேடியெடுக்கும் கருந்தொப்பிச் சிக்கடீயின் ஹிப்போகாம்பஸில் புதுச் செல்களின் வரவு அக்டோபரில் உச்சமடைவதை அனட் பார்னியாவும் அவரும் 1994இல் வெளியிட்டனர்.

யேல் பல்கலைக்கழகத்தின் பாஸ்கோ ராகிச் 1985இல் எழுப்பிய மறுப்பே எல்லாவற்றினும் ஆழமானது. வளர்ந்த ரீசஸ் குரங்குகளில் புதிய நரம்பணு எதையும் அவர் காணவில்லை. கற்றதை நெடுங்காலம் காக்க வேண்டிய மூளையில் நரம்பணுக்களின் தொகை நிலையாக இருக்க வேண்டியிருக்கலாம் என்று அவர் காரணமும் சொன்னார். கண்டறிதல் நிலைக்கவில்லை. 1999இல் எலிசபெத் கோல்டு குழுவும், டேவிட் கோர்னாக்குடன் ராகிச்சும் மக்காக் குரங்கின் ஹிப்போகாம்பஸில் புதுச் செல்களைக் கண்டனர். அவர் சொன்ன காரணமோ 2014இல் டொரான்டோவின் ஷீனா ஜோசலின், பால் ஃபிராங்க்லண்ட் குழுவின் ஆய்வில் வேறு உருவில் திரும்பியது. ஒன்றைக் கற்ற பிறகு சுழல்சக்கரத்தில் ஓடவிட்டுப் புதுச் செல்களைப் பெருக்கிய சுண்டெலிகள் கற்றதை மறந்தன. புதுச் செல்கள் இயல்பாகவே மிகுந்த குட்டிகளில் அவற்றைக் குறைத்தபோது மறதி தணிந்தது. பெரிதும் முதிர்ந்த மூளையுடன் பிறக்கும் கினிப் பன்றிக்கு அத்தகைய குழந்தைப்பருவ மறதி இல்லை. புதிய செல் பழைய இணைப்புகளைக் கலைக்கும் என்று ராகிச் அஞ்சியது சரியே. கொறிணிகளின் மூளை அந்தக் கலைப்பைத் தாங்கிக்கொள்கிறது, ஒருவேளை பயன்படுத்தவும் செய்கிறது. மனிதர் தம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளை நினைவுகூர இயலாமைக்கும் இது காரணமாகலாம் என்பது இன்னும் கருதுகோளே.

அப்படியானால் புதுச் செல்களால் நினைவுக்கு நன்மை ஏது என்று கேட்கலாம். ஒத்த தோற்றமுடைய இரண்டு இடங்களை அல்லது நிகழ்வுகளை வேறுபடுத்தும் திறன் என்பதே வலுவான விடை. 2009இல் கிளெலண்டு குழு கதிர்வீச்சால் புதுச் செல்களை ஒழித்த சுண்டெலிகள், அருகருகே உள்ள இடங்களைப் பிரித்தறியத் தடுமாறின. தொலைவான இடங்களில் தடுமாற்றமில்லை. கதிர்வீச்சு அழற்சியையும் உண்டாக்கும் என்ற மறுப்பு இங்கே முழுமையாகப் பொருந்தாது. அக்குழு வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தும் முறையாலும் அதே விளைவைப் பெற்றது.

மனிதரைப் பற்றிய முதல் சான்று 1998இல் வந்தது. ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் சால்க் நிறுவனத்தின் ஃபிரெட் கேஜும், பகுபடும் செல்லைக் குறிக்கும் புரோமோடியாக்சியூரிடின் என்ற பொருளை நோயறிதலுக்காகப் பெற்று இறந்த 5 புற்றுநோயாளிகளின் மூளையில் புதுச் செல்களைக் கண்டனர். 2013இல் யோனாஸ் ஃபிரிசேன் குழு, 1955-63 அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் கலந்த கார்பன்-14ஐக் கொண்டு செல்களின் வயதைக் கணித்து, ஒவ்வொரு ஹிப்போகாம்பஸிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 நரம்பணுக்கள் சேர்வதாக மதிப்பிட்டது. பனிப்போரின் எச்சம் மூளையின் நாட்காட்டியானது இத்துறையின் வியப்புகளுள் ஒன்று. 2018 மார்ச்சில் ஆல்வரெஸ்-புய்யா குழுவோ, சிறுபருவத்திலேயே உருவாக்கம் சரிந்து பெரியவர்களிடம் காணப்படவில்லை என்றது. அடுத்த மாதமே மவ்ரா போல்ட்ரினி குழு 79 வயது வரை நீடிப்பதாக எழுதியது. இறந்தபின் திசுவைப் பதப்படுத்தும் முறையால் இளஞ்செல்களைக் காட்டும் அடையாளப் புரதம் மறைந்திருக்கலாம் என்று 2019இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் காட்டினர். அல்சைமர் நோயில் இளஞ்செல்கள் குறைவதையும் அவர்களே அறிவித்தனர். ஆனால் ஆல்வரெஸ்-புய்யா குழுவின் மறுப்பையும் ஒதுக்கிவிட முடியாது. மக்காக்கில் ஒரு புதுச் செல் முதிர 6 மாதங்களுக்கு மேலாகிறது. மனிதரிடமும் முதிர்ச்சி அவ்வாறு நீண்டால், காணப்படும் இளஞ்செல் நேற்றுப் பிறந்ததா, நெடுநாள் இளமையில் நின்றதா என்பதைப் புரத அடையாளம் மட்டும் சொல்லாது. 2025இல் ஃபிரிசேன் குழு, 78 வயது வரையுள்ளோரின் திசுக்களில் பகுபடும் முன்னோடிச் செல்களைக் கண்டதாக வெளியிட்டது. வளர்ந்தோரிடையே அவற்றின் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபட்டது. அந்த வேறுபாடு நினைவாற்றலோடு பொருந்துகிறதா என்பது அவ்வாய்வில் அளக்கப்படவில்லை.