கல்லூரியா, ஸ்டேடியமா?

1932-ல் வந்த 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' படத்தில் ஹக்ஸ்லி கல்லூரிக்குப் புதுத் தலைவராக வருகிறார் க்ரௌச்சோ மார்க்ஸ். ஸ்டேடியம், கல்லூரி இரண்டையும் வைத்துக் காப்பாற்ற வசதியில்லை, அதனால் கல்லூரியை இடித்துவிடலாம் என்கிறார். பேராசிரியர்கள் திகைக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருது.

எதிரிக் கல்லூரியின் பெயர் டார்வின். நிஜத்தில் டார்வினுக்காக ஊரெல்லாம் சண்டை போட்டவர் ஹக்ஸ்லி! அந்த ரெண்டு பேரையே எதிரெதிரா நிறுத்தியாச்சு. பகைக்குக் காரணமே தேவையில்லை, ஒரு மேட்ச் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் அந்த மேட்ச் ஏற்கெனவே பெரிய வியாபாரம். ரோஸ் பௌல் 1922-லும், பெர்க்லியின் மெமோரியல் ஸ்டேடியம் 1923-லும் திறக்கப்பட்டன. ஹெரால்ட் லாய்டின் 'த ஃப்ரெஷ்மேன்' (1925) படத்தில் தெரியும் கூட்டம் செட்டப் இல்லை. 1924 நவம்பரில் கலிஃபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும் மோதிய ஆட்டத்தின் இடைவேளையில் பெர்க்லியில் எடுத்தது. கதையில் லாய்ட் தண்ணீர் தூக்கும் பையன். தானும் டீமில் இருப்பதாக நம்புகிறான், கல்லூரியே அவன் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறது. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாரும் அடிபட்ட பிறகு இறங்கி ஜெயிக்கிறான். ஒரு வெற்றி எல்லா அவமானத்தையும் துடைத்துவிடும் என்று அந்தப் படம் மனசார நம்புகிறது.

ஏழு வருஷத்தில் அந்த நம்பிக்கை போய்விட்டது. 1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலானவை ஏதோவொரு வழியில் பணமோ சலுகையோ கொடுத்து ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டிருந்தன. மார்க்ஸ் சகோதரர்கள் அதையே கதையாக்கினார்கள். டார்வின் கல்லூரி தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருவரை முந்திக்கொண்டு வாங்கிவிடுகிறது. அவர்களைத் தேடி சாராயக்கடைக்குப் போகும் க்ரௌச்சோ, ஆள் தெரியாமல் ஐஸ் விற்பவனையும் நாய் பிடிப்பவனையும் கூட்டிவருகிறார். இங்கே யாரும் மாணவர் இல்லை என்பதுதான் ஜோக்.

அந்தக் கேள்விக்கு நேர்மாறான பதிலைச் சொன்னது சிகாகோ பல்கலைக்கழகம். 1939-ல் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில் ஃபுட்பாலையே கைவிட்டார்கள். ஸ்டாக் ஃபீல்ட் ஸ்டேடியம் சும்மா கிடந்தது. 1942 டிசம்பர் 2 அன்று, அதன் மேற்கு கேலரிக்கு அடியில், என்ரிகோ ஃபெர்மியின் குழு தானே தொடரும் முதல் அணுக்கருச் சங்கிலித் தொடர்வினையை நடத்திக் காட்டியது. அணுகுண்டுக்கான வழி அங்கே திறந்தது. விளையாட்டைத் துரத்திவிட்டால் மிஞ்சுவது தூய கல்வி என்றும் சொல்லிவிட முடியவில்லை.

1957-ல் அந்த கேலரியை இடித்தார்கள். பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது நிற்பது ஒரு நூலகம்.