பெயர் பொறிக்கப்படாத பொறி

2011ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் ஆங்கிரி பேர்ட்ஸ் குறித்த அமர்வு ஒன்று இடம்பெற்றது. பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் வெளியிட்ட அந்த விளையாட்டு உலகெங்கும் கைபேசிகளை ஆட்கொண்டிருந்த நேரம் அது. அவையில் இருந்த எரின் கேட்டோ ஒரு வேண்டுகோளை முன்வைத்தார்: விளையாட்டின் நன்றிப் பட்டியலில் பாக்ஸ்2டி என்னும் பெயரைச் சேர்க்க இயலுமா? கவணிலிருந்து பறவை பறக்கும் பாதையையும், மோதலில் பலகைகள் சரியும் விதத்தையும் கணித்துத் தந்த மென்பொருள் நூலகம் பாக்ஸ்2டி. அதை எழுதியவர் கேட்டோ. ரோவியோ இசைந்தது.

சில நிமிடங்களில் முடிந்துபோன இந்நிகழ்வை ஒரு துணுக்குச் செய்தியாகக் கடந்துவிடலாம். எனினும், கோணல்மாணலான வண்டிகளைக் கட்டி ஓட்டும் இயற்பியல் புதிர் விளையாட்டுகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இவ்வகை விளையாட்டுகளின் வரலாறு, அவற்றை வடிவமைத்தோரின் வரலாறு மட்டுமன்று.

இம்மரபின் வேர் திரையில் இல்லை, தாளில் இருக்கிறது. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரூப் கோல்ட்பர்க் (1883–1970) பொறியியல் பயின்றவர். மிக எளிய ஒரு வேலையைச் செய்வதற்குக் கயிறு, கப்பி, பறவை, வாளி எனப் பத்துப் படிகள் கொண்ட இயந்திரங்களை வரைந்து நகைக்க வைத்தார். 1931இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அவருடைய பெயரையே ஒரு பெயரடையாக ஏற்றுக்கொண்டது. தேவைக்கு மீறிச் சிக்கலான எதையும் ஆங்கிலத்தில் அவர் பெயரால் சுட்டலாம் என்றாயிற்று.

அந்தச் சித்திரங்களின் கற்பனையை 1993இல் கணினிக்குக் கொண்டுவந்தது தி இன்கிரெடிபிள் மெஷின். கெவின் ரயன், ஜெஃப் டன்னல் ஆகியோரின் வடிவமைப்பில் உருவான இவ்விளையாட்டில் பந்து, பலூன், கயிறு, கப்பி முதலியவற்றைச் சரியான இடங்களில் பொருத்திவிட்டு இயந்திரத்தை முடுக்க வேண்டும். ஈர்ப்பு விசையும் காற்றழுத்தமும்கூடப் புதிருக்குப் புதிர் மாறக்கூடியவை. தோற்றால் திருத்தலாம், மீண்டும் முடுக்கலாம். கட்டுதல், ஓட்டுதல், உடைதல், திருத்துதல் என்னும் சுழற்சி இங்கு நிலைபெற்றது.

ஆயினும் தாமே கண்டுபிடித்த ஒரு வண்டியை ஆட்டக்காரர் கட்ட வேண்டுமெனில், எந்த உறுப்பை எந்த உறுப்போடு இணைத்தாலும் கணிக்கவல்ல பொதுவான இயற்பியல் பொறி தேவை. அத்தகைய ஒன்றை 2006ஆம் ஆண்டு அதே மாநாட்டில் கேட்டோ விளக்கினார். உரையோடு நில்லாமல், மாதிரி நிரலையும் எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டார். அதுவே பாக்ஸ்2டி ஆக வளர்ந்தது.

அதன் செயல்முறையை எளிமையாக இவ்வாறு கூறலாம். ஒரு நொடி ஏறத்தாழ அறுபது கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு கூறிலும் வண்டியின் மூட்டுகளும் தொடுபுள்ளிகளும் ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்படுகின்றன. ஒன்றைச் சரிசெய்தால் அண்டையிலுள்ளது சற்றுப் பிசகும். ஆகவே மீண்டும் ஒரு சுற்று வர வேண்டும். சில சுற்றுகளுக்குப் பின் நிறுத்திக்கொண்டு, கிடைத்த விடையை அடுத்த கூறின் தொடக்கமாகக் கொள்ளவேண்டும். தீராது எஞ்சும் சிறு பிழையே திரையில் மூட்டுகளின் நெகிழ்வாகவும் நடுக்கமாகவும் வெளிப்படுகிறது. நாம் சிரித்து ரசிக்கும் தடுமாற்றத்தில் ஒரு பங்கு, இந்த முற்றுப்பெறாத கணக்கின் எச்சம்.

படிப்படியாகத் திருத்திச் செல்லும் இக்கணக்குமுறைக்கு நெடிய மரபு உண்டு. 1823இல் கணிதமேதை காஸ் தம் முன்னாள் மாணவர் கெர்லிங்குக்கு எழுதிய கடிதத்தில் அத்தகைய முறையை விவரித்தார். சைடல் 1874இல் வெளியிட்டார். இன்றும் அது காஸ்-சைடல் முறை என்றே வழங்குகிறது. இரு நூற்றாண்டுகள் கடந்தும் பெயர்கள் உதிரவில்லை.

பாக்ஸ்2டியின் துணையோடு 2008இல் இரண்டு குறிப்பிடத்தக்க ஆக்கங்கள் அறிமுகமாயின. பின்லாந்தின் பெட்ரி புர்ஹோ உருவாக்கிய கிரேயான் பிசிக்ஸ் டீலக்ஸ் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசை வென்றது. காலின் நார்த்வே உருவாக்கிய ஃபென்டாஸ்டிக் கான்ட்ராப்ஷனில் சில வகைக் கோல்களும் சக்கரங்களும் மட்டுமே உண்டு. அவற்றைக் கொண்டு கட்டிய ஊர்தியை இணையத்தில் பிறரோடு பகிரவும் முடிந்தது.

2012 செப்டம்பரில் ரோவியோ பேட் பிக்கீஸை வெளியிட்டது. முந்தைய விளையாட்டில் இலக்குகளாய் இருந்த பன்றிகள் இதில் பொறியாளர்கள் ஆயின. மரச்சட்டம், சக்கரம், பலூன், குடை, சோடாப் புட்டி, மின்விசிறி ஆகியவற்றை ஒட்டவைத்து, ஓட்டுநர் பன்றியை எல்லைக்கோட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். நேர்த்தியான வண்டி வேண்டுவதில்லை, சிதறிக்கொண்டே போய்ச் சேர்ந்தாலும் போதும். இது யூனிட்டி என்னும் வேறொரு கட்டமைப்பில் உருவானது. அக்காலத்தில் யூனிட்டி நம்பியிருந்தது என்விடியாவின் இயற்பியல் பொறியை. 2013இல் யூனிட்டி தன் இருபரிமாண இயற்பியலை அறிமுகப்படுத்தியபோது அதன் அடித்தளமாக அமைந்ததும் பாக்ஸ்2டிதான். அதாவது, அந்நூலகத்தின் பெயரைக் கேள்விப்படாதவர்களும் அதன்மீது விளையாட்டுகளைக் கட்டத் தொடங்கினர்.

இனி, வேண்டுகோளுக்கு மீள்வோம். ரோவியோ சட்டத்தை மீறியதா? இல்லை. பாக்ஸ்2டி அப்போது ஸெட்லிப் உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டது. பிறர் ஆக்கத்தைத் தமதென்று உரிமை கோரக் கூடாது என்பது அவ்வுரிமத்தின் நிபந்தனை. விளைபொருளின் ஆவணத்தில் நன்றி குறிப்பிடுவதோ வரவேற்கத்தக்கது, ஆனால் கட்டாயமன்று. கட்டாயம் இல்லாத இடத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதே கேட்டோ எழுப்பிய வினாவின் உட்பொருள்.

மொழியியல் மாணவனாகிய எனக்கு ஒரு சொல் இங்கே நினைவுக்கு வருகிறது. தமிழில் பொறி என்பது இயந்திரம். புலிப்பொறி, விற்பொறி என்பவற்றில் அதுவே முத்திரை. பொறித்தல் என்றால் அழியாதவாறு எழுதுதல். ஒரே சொல்லில் இயந்திரமும் அடையாளமும் அருகருகே நிற்கின்றன. பயன்பாட்டில் நாம் முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

இக்குற்றத்திலிருந்து நானும் விலகியவன் அல்லன். என் முதுகலை ஆய்வேட்டில் உயிரொலிகளை அளக்கப் பிராட் மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மா, டேவிட் வீனிங்க் ஆகிய இருவர் உருவாக்கி இலவசமாக வழங்கும் கருவி அது. ஓர் அட்டவணைகூட அதன்றி நிரம்பியிருக்காது. நன்றியுரையில் நெறியாளர், குடும்பம், விடுதி நண்பர்கள், தேநீர்க் கடைக்காரர் எல்லோரும் இடம்பெற்றனர். அந்த இருவர் இடம்பெறவில்லை. எவரும் சுட்டிக்காட்டவுமில்லை, ஏனெனில் அது கட்டாயமன்று.

தற்போது எழுதிவரும் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கருவிகளுக்கெனத் தனிப் பத்தி ஒன்றை ஒதுக்கியுள்ளேன். நிரல், எழுத்துரு, தரவுத்தளம் என ஒவ்வொன்றின் பெயரும் பதிப்பும், ஆக்கியோர் பெயரோடு அதில் உள்ளன. ஒன்றரைப் பக்கம் ஆகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவிருக்கும் நண்பர்கள் அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு இடம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். உங்கள் துறையில் பெயர் சொல்லப்படாமல் உழைத்துக்கொண்டிருக்கும் பொறி எது? அதை ஆக்கியவர் யார்? அறிந்தோர் இங்கே பதிவு செய்யுங்கள்.