வெயிலும் நெடுந்தூர ஓட்டமும்

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்த புதிதில், 1980-களில், திருவொற்றியூரிலிருந்து எண்ணூரை நோக்கிச் சென்று திரும்பும் மாணவர் ஓட்டம் ஒன்று நடைபெற்றது. ‘மராத்தான்’ என்று தட்டி எழுதி வைத்திருந்தார்கள். தூரமோ 10 கிலோமீட்டர்தான். (1908-இல் இலண்டனில் ஓடப்பெற்று, 1921-இல் உறுதி செய்யப்பெற்ற மராத்தான் அளவு 42.195 கிலோமீட்டர்.) காலை ஆறு மணிக்குத் தொடங்கவேண்டிய ஓட்டம், தலைமை விருந்தினர் வரத் தாமதமானமையால் ஒன்பது மணிக்குத் தொடங்கிற்று. பங்குனி மாதத்து வெயில்.

பாதி வழியில் தண்ணீர்ப் பானையுடன் நான் நின்றேன். மீனவர் குப்பத்துச் சிறுவன் ஒருவன் நின்று தண்ணீர் கேட்டான். “ஓடும்போது குடித்தால் வயிற்றைப் பிடிக்கும், முடித்துவிட்டு வந்து குடி” என்றேன். பானை எதற்கு என்று கேட்கிறீர்களா? திரும்பி வந்தவர்கள் முகம் கழுவத்தான்! எனக்கு அவ்வாறுதான் கற்பித்திருந்தார்கள்.

அந்த நம்பிக்கை உலகெங்கும் இருந்ததொன்று. 1904 ஆகஸ்டு 30 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மராத்தான் நடந்தது. பிற்பகல் வெயில் ஏறத்தாழ 32 பாகை செல்சியசு, சாலையெங்கும் புழுதி. அமைப்பாளர் ஜேம்ஸ் சலிவன், தண்ணீர் குறைந்தால் ஓட்டம் எவ்வாறு அமையும் எனச் சோதித்துப் பார்க்க எண்ணி, தண்ணீர் கிடைக்கும் இடங்களை மிகச் சுருக்கிவிட்டார். ஓடத் தொடங்கியோர் 32 பேர். முடித்தோர் 14 பேர். வென்ற தாமஸ் ஹிக்ஸ் நடுவழியில் தண்ணீருக்குக் கெஞ்சினார். உடன் வந்தோர் அதை மறுத்து, முட்டை வெண்கருவில் எட்டி நஞ்சாகிய ஸ்டிரிக்னினைக் கலந்து ஊட்டினர்! அக்காலத்தில் அது ஊக்க மருந்தாம். 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரிலோ, போர்த்துகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெயிலில் ஓடிச் சரிந்து மறுநாள் இறந்தார். வெயில் சுடாதிருக்கக் கொழுப்பை உடலெங்கும் பூசியிருந்தார் என்றும், அது வியர்வையை அடைத்துவிட்டது என்றும் கூறுவர்.

வியர்வை வழிந்தால் மட்டும் உடல் குளிர்வதில்லை; அது ஆவியாகவேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை நம் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை சொட்டுமேயன்றி எளிதில் ஆவியாகாது. “வெயிலுக்குப் பழகியவர்கள் நாம், நமக்கென்ன?” என்பதும் சரியன்று. பழகிய உடலுக்கே வியர்வை முன்னதாகவும் மிகுதியாகவும் சுரக்கும். ஆதலின் தண்ணீரும் அவனுக்கே கூடுதலாக வேண்டும். அதற்காகத் தாகமின்றிக் குடம் குடமாகக் குடிப்பதும் தீதே. குருதியில் உப்பின் செறிவு தாழ்ந்துவிடும்.

அச்சிறுவன் எர்ணாவூர் அருகே நினைவிழந்து வீழ்ந்தான். நான் ஓடிச் சென்றபோது அவன் மேனி நெருப்பாயிருந்தது. வண்டி தேடி நான் அலைய, காசிமேட்டிலிருந்து மீன் எடுத்து வந்த அம்மையார் ஒருவர் கூடையை இறக்கி, மீனுக்கு இட்டிருந்த ஐஸ்கட்டிகளை அவன் கழுத்திலும் அக்குளிலும் அள்ளி வைத்தார். “என்ன வாத்தியாரே, பையன் கொதிக்கிறானே, பார்த்துக்கிட்டு நிக்கிறியே!” என்று என்னை அதட்டினார். முதலில் குளிரச் செய், பிறகு கொண்டு செல் என்பதே இன்றைய மருத்துவமும் கூறும் முறை. நான் படித்த நூல் எதிலும் அது இருக்கவில்லை.

சிறுவன் பிழைத்தான். மறுநாள் வகுப்பில் அவனை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை. ஓய்வு பெற்றபின் எங்கள் வட்டாரத்து ஓட்டமொன்றுக்குத் தலைமை தாங்க என்னை அழைத்தார்கள். காலை ஐந்தரைக்கே தொடங்குவதானால் வருகிறேன் என்றேன். மேடையை வேறொருவருக்கு விட்டுத் தண்ணீர்ப் பந்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.