தோட்டா வந்த வரலாறு



சென்ற ஆண்டு பெருமழை ஓய்ந்தபின், எங்கள் பாடசாலைத் தோட்டத்தைக் கொத்திக்கொண்டிருந்த மாணவர் சிலர், மண் படிந்த சிறு பொருள் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தனர். கழுவித் துடைத்துப் பார்த்தேன். சுட்டு முடிந்த தோட்டா ஒன்றின் பித்தளைக் கோது அது. நீளம் ஏறக்குறைய இரண்டே கால் அங்குலம். அடிப்புறத்தின் நடுவில் ஊசி குத்திய தழும்பு. அதன் அருகே ஏழு என்னும் எண்ணைக் குறிக்கும் ரோமன் எழுத்துகள்.

"சேர், இது யாரைச் சுட்டது?" என்று ஒரு சிறுவன் கேட்டான்.

அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஆனால் அப்பொருள் உலகில் எவ்வாறு உருவாயிற்று என்பதைக் கூறலாம் அன்றோ? அன்று வகுப்பில் கூறியதையே இன்று உங்களுக்கும் கூற விழைகின்றேன்.

ஆதியில் துப்பாக்கி இருந்தது, தோட்டா இருக்கவில்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றும் கலந்த மருந்து ஒரு குடுவையில் இருக்கும். ஈயக்குண்டு ஒரு பையில் இருக்கும். வீரன் மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, குண்டை இட்டு, கோலால் கெட்டித்து, பின்னரே நெருப்புக் காட்டுவான். உயிரைக் காக்கும் பொருளுக்கும் உயிரைப் போக்கும் பொருளுக்கும் நம் மொழியில் மருந்து என்னும் ஒரே பெயர் வழங்குவது வியப்பே. கண்டி மன்னர் காலத்தில் இந்நாட்டுக் கொல்லரும் இவ்வகைத் துவக்குகளைத் திறம்படச் செய்தனர். ஆனால் கினிகத்தேனையின் மழையை அறிந்தவர்க்கு இதிலுள்ள இடர் விளங்கும். கினி என்றால் சிங்களத்தில் நெருப்பு. ஊரின் பெயரில் நெருப்பு இருந்தும், ஊரில் பெய்வதோ ஓயாத மழை. மருந்து நனைந்தால் துவக்கு வெறும் இரும்புக்கோல்தான்.

ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் ஒரு காகிதச் சுருளில் முன்னரே அளந்து கட்டிவைக்கும் வழக்கம் ஐரோப்பியப் படைகளில் தோன்றியது. அதுவே முதல் தோட்டா. வீரன் சுருளின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலுள் கொட்டினான். இந்தக் 'கடித்தல்' என்னும் சிறு செயல் ஒரு பேரரசையே உலுக்கியது.

1853ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த என்ஃபீல்டு துப்பாக்கி இந்தியப் படைக்கு வந்தபோது, அதன் காகிதத் தோட்டாவிற்குக் கொழுப்புப் பூசப்பட்டிருந்தது. அது பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் என்ற பேச்சு, 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் எழுந்து பாசறைதோறும் பரவியது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே மனம் நொந்தனர். மீரட்டில் குதிரைப்படை வீரர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்து விலங்கு பூட்டப்பட்டனர். மறுநாள், மே 10ஆம் திகதி, பெருங்கிளர்ச்சி மூண்டது. அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1806இல், தலைப்பாகையை மாற்றியதால் வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சியிலிருந்து ஆள்வோர் பாடம் கற்கவில்லை. தோட்டா மட்டுமே கிளர்ச்சிக்குக் காரணம் என்று கூறுதல் பொருந்தாது. நெடுநாள் குமைந்த மனக்குறைக்கு அது பொறியாயிற்று என்பதே உண்மை.

இதற்கிடையே அறிவியல் வேறு வழியில் நடந்தது. அடித்தால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு துப்பாக்கிக்கு நெருப்பூட்டும் முறைக்கு, ஸ்கொத்லாந்து நாட்டு மதகுருவான அலெக்சாண்டர் ஃபோர்சித் 1807இல் காப்புரிமை பெற்றார். 1866இல் பிரித்தானியப் படை அதிகாரியான எட்வர்ட் பொக்சர் ஆக்கிய தோட்டா வழக்கிற்கு வந்தது. இதில் மருந்தும் குண்டும் தீமூட்டியும் ஒரே உலோக உறைக்குள் அடங்கின. பித்தளை உறையின் நற்பண்பு யாதெனில், வெடிக்கும் கணத்தில் அது விரிந்து குழலின் பின்புறத்தை அடைத்துக்கொள்ளும்; ஆவி பின்னோக்கி வாராது. அடுத்த கணமே சுருங்கி வெளியே வரும். மழையும் ஈரமும் இனித் தடையல்ல.

1884இல் பிரெஞ்சு அறிஞர் போல் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டார். அதனினும் பின்னர் பிரித்தானியர் கோர்டைட் என்னும் கயிறு போன்ற மருந்தைச் செய்தனர். குண்டு சிறுத்தது, வேகமோ பெருகியது. இக்காலத்தில் வந்ததே அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு விட்டமுள்ள குழலுக்குரிய, 'திரீ நொட் திரீ' என்று நம்மவர் அழைக்கும் தோட்டா.

சிறுத்த குண்டு எதிரியை உடனே வீழ்த்தவில்லை என்று எல்லைப்போர்களில் படையினர் குறை கூறினர். அக்குறையைத் தீர்க்க, 1890களில் அதே டம்டம் தொழிற்சாலையில், நுனி திறந்து உடலுள் விரியும் குண்டு செய்யப்பட்டது. ஒரே ஊர் வரலாற்றில் இருமுறை இடம்பெற்றது, இருமுறையும் தோட்டாவாலேயே. 1899இல் ஹேக் நகரில் கூடிய மாநாடு, இத்தகைய விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது எனப் பிரகடனம் செய்தது. ஆயினும் 1910இல் வந்த ஏழாம் மாதிரித் தோட்டாவின் கூர்முனைக்குள் இலேசான அலுமினியம் வைக்கப்பட்டு, பாரம் பின்புறம் தங்கியது. குண்டு விரியவில்லை, உடலுள் புகுந்ததும் புரண்டது. சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. எம் மாணவர் கண்டெடுத்த கோது இந்த ஏழாம் மாதிரியைச் சேர்ந்ததே.

நமது மலைநாட்டிலும் துப்பாக்கிக்கு நீண்ட வரலாறு உண்டு. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டைகளைப் பற்றி நூலே வெளியிட்டார். ஐரோப்பியத் தோட்டத்துரைமார்கள் 1900இல் தமக்கெனத் துப்பாக்கிப் படை ஒன்றை அமைத்தனர். அப்படையினர் 1914இல் எகிப்துக்குச் சென்றனர். 1949இல் அப்படை கலைக்கப்பட்டது. துரைமார் கையில் துப்பாக்கியும் தொழிலாளர் முதுகில் கூடையும் இருந்த காலம் அது.

1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டையைச் சார்ந்த முல்லோயாத் தோட்டத்தில், ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். விசாரணைக்குழு முன்னே அவருடைய மனைவியின் சார்பில் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1977 மே 11ஆம் திகதி, தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்றவர்களுள் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அந்த நிலத்திலேயே அவர்தம் மக்களின் வாழ்வு வேரூன்றியிருந்தது.

மருந்தை அளந்து, குண்டை இட்டு, கோலால் கெட்டிக்க வேண்டிய காலத்தில், சுடுவோன் சற்றே சிந்திப்பதற்கேனும் இடமிருந்தது. தோட்டா அந்த அவகாசத்தையும் எடுத்துக்கொண்டது. இன்று விரல் ஒன்று அசைந்தால் போதும்.

கோதைப் பொலிஸ் நிலையத்தில் காட்டி, அது வெறுங்கோதே என்று உறுதிபெற்ற பின், பாடசாலை அலுமாரியில் வைத்துள்ளேன். மண்ணில் கிடக்கும் தோட்டா எதையும் தொடாது பெரியவரிடம் சொல்லவேண்டும் என்றும் பிள்ளைகளை எச்சரித்தேன். பின்னர், கேள்வி கேட்ட சிறுவனை அழைத்து, கோவிந்தன், சிவனு லெட்சுமணன் என்னும் இரு பெயர்களையும் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். இந்தத் தோட்டா அவர்களைச் சுட்டது என்று நான் கூறவில்லை. ஆனால் நம்மவரைச் சுட்ட தோட்டாக்கள் உண்டு. சுடப்பட்டவர்க்குப் பெயரும் உண்டு. அவன் திருத்தமாக எழுதினான். மாலை மணி அடித்த பின்னரும் அப்பெயர்களை எவரும் அழிக்கவில்லை.