சிங்கை வீதிகளும் விழா ஊர்வலமும்

மணிமேகலையின் முதற்பகுதியாகிய விழாவறை காதையைக் கற்பித்த தமிழாசிரியர்கள், புகார் நகரில் இந்திரவிழா அறிவிக்கப்பட்ட முறையை மறந்திருக்கமாட்டார்கள். வச்சிரக்கோட்டத்து முரசத்தை யானையின் பிடரியில் ஏற்றி, முரசறைவோன் நகரெங்கும் விழாச் செய்தியைச் சாற்றுகிறான். விழா 28 நாள் நடைபெறும் என்றும், வீதிகளில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்பவேண்டும் என்றும் கூறுகின்றான். அத்துடன், விழா முடியுமட்டும் பகைவரைக் கண்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்லுமாறு மக்களை வேண்டுகின்றான். இவ்வேண்டுகோள் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கது.

அங்கே விழாவெடுப்பவன் அரசன், வீதியும் அவனுடையது. ஆகவே ஒருவரிடமும் இசைவு கேட்கவேண்டிய தேவை எழவில்லை. பல இனத்தாரும் பல சமயத்தாரும் ஒரே தெருவில் வாழும் துறைமுக நகரில் நிலைமை வேறு. இங்கு விழாவெடுப்போர் குடிமக்கள். வீதியோ எல்லார்க்கும் பொது. ஒரு சாரார் சில மணிநேரம் வீதியைத் தமதாக்கிக்கொள்ள வேண்டுமாயின், ஏனையோர் சார்பில் அரசிடம் இசைவு பெற்றாக வேண்டும். அவ்விசைவின் வரலாறு சிங்கப்பூரில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட காலத்தில், 1856-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் இயற்றப்பட்டது. அது கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் இம்மூன்று குடியேற்றங்களுக்கும் பொதுவான காவற்சட்டமாகும். சென்னைத் தங்கசாலைத் தெருவுக்கும் சிங்கை சவுத் பிரிட்ஜ் சாலைக்கும் ஒரே சட்டம் வந்தது எனலாம். 1857 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது; மறுநாளே சிங்கைச் சீன வணிகர்கள் கடைகளை அடைத்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். அடுத்த திங்களில் தெலுக் ஆயர் தெருவில், பள்ளிவாசல் ஒன்றின் முன்பு விழாக் கொண்டாடிய தென்னிந்திய முஸ்லிம்களுக்கும் காவலர்க்கும் மோதல் மூண்டது. தெரு அடைபட்டதே அம்மோதலுக்கு வித்து. காவலர் சுட்டதில் இருவர் மாண்டனர். தெருவை யார், எவ்வளவு நேரம், எவ்வளவு அகலத்திற்கு அடைக்கலாம் என்பது உயிரோடு தொடர்புடைய வினா என்பதற்கு இதனினும் பழைய சான்று தேடவேண்டுவதில்லை.

இவ்வினாவுக்குச் சட்டம் என்ன விடை தந்தது? இந்தியாவின் ஔரங்காபாத் என்னும் ஊரில் ஷியா முஸ்லிம்களின் முகரம் ஊர்வலம் பற்றி எழுந்த வழக்கு, 1920-களின் நடுவில் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. சமய ஊர்வலத்தை அதற்குரிய சடங்குகளோடு பொதுவீதியில் நடத்தும் உரிமை உண்டு. ஆயினும் அது அதிகாரிகளின் முறையான ஆணைகளுக்கும் ஏனைய மக்களின் வழிநடை உரிமைக்கும் உட்பட்டது என்பது அம்மன்றத்தின் முடிவு. அக்காலத்தில் சிங்கப்பூருக்கும் அதுவே இறுதி முறையீட்டு மன்றம். உரிமையும் வரம்பும் ஒருங்கே பிறந்தவை என்பது இத்தீர்ப்பின் சாரம்.

சிங்கையில் அவ்வரம்பை மிகக் குறுக்கியது 1964-ஆம் ஆண்டு. அவ்வாண்டு சூலை 21-ஆம் நாள், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இனக்கலவரம் வெடித்தது. சூலைக் கலவரத்தில் 23 பேர் இறந்தனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் கலவரம் எழுந்தது. இவற்றின் பின்னர்ச் சமயக் கால்நடை ஊர்வலங்கள் பொதுவாகத் தடுக்கப்பட்டன. அத்தடைக்கு விலக்குப் பெற்றவை மூன்று இந்து விழாக்கள்: தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி. சிறுபான்மையருள்ளும் சிறுபான்மையராகிய ஒரு சமூகத்துக்கு இவ்விலக்கு நிலைத்தது பெரிதே. எனினும் அஃது உரிமைப் பட்டயம் அன்று; ஆண்டுதோறும் விண்ணப்பித்துப் பெறவேண்டிய இசைவு.

அவ்விசைவின் சுவையும் கசப்பும் தைப்பூசத்தில் தெளிவாகத் தெரிகின்றன. சிராங்கூன் சாலையில் 1855-இல் தோன்றிய சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து, தேங்க் சாலையில் நகரத்தார் 1859-இல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் செல்கின்றன. 1968 முதல் தைப்பூசம் பொது விடுமுறை நாளாக இல்லை. 1973-இல் ஊர்வலத்தில் இசைக்கருவிகள் தடுக்கப்பட்டன. போட்டிக் குழுக்களிடையே எழுந்த சண்டைகள் ஊர்வலத்தைக் குலைத்ததே காரணம் என்பது அரசு பின்னாளில் தந்த விளக்கம். பிற சமயத்தார் யாரும் வந்து நம் மேளத்தை நிறுத்தவில்லை; நம்மவர் பூசலே அதற்கு வழிவகுத்தது. புகார் நகரத்து முரசறைவோன் சாற்றிய சொல்லை நினைத்துக்கொள்ளவேண்டிய இடம் இதுவே.

ஆயினும் தடை நீண்டது நியாயமா என்னும் வினாவையும் ஒதுக்க முடியாது. சிங்க நடனத்திற்கு மேளம் உண்டு, காவடிக்கு இல்லையா எனப் பலர் வருந்தினர். சமயஞ்சாராத சமூக நிகழ்ச்சிகள் வேறு, சமய ஊர்வலம் வேறு என்றது அரசு. 2015-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் இசை பற்றிய சச்சரவு கைகலப்பாக முடிந்து, மூவர் கைதாயினர். தடையை எதிர்த்த வழக்கும் அவ்வாண்டிலேயே உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. முழக்கத்தால் பெற இயலாததைப் பேச்சுவார்த்தை சிறிது சிறிதாகப் பெற்றுத் தந்தது. 2011-இல் பக்திப் பாடல் பாட இடமளிக்கப்பட்டது. 2016-இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசை ஒலித்தது. 2019-இல் காவடிகளோடு தாளக் கருவிகள் செல்லவும் வழி பிறந்தது. ஒருநாள் பூசலில் இழந்ததை மீட்க நாற்பதாண்டுக்கு மேலாயிற்று.

இன்று இசைவு பெறும் முறைக்கு அடிப்படை 2009-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம். விழா அமைப்பாளர் காவற்றுறை ஆணையரிடம் விண்ணப்பிக்கவேண்டும்; ஆணையர் நிபந்தனைகளோடு உரிமம் தரலாம். தைப்பூசத்தின் பொருட்டு அப்பொறுப்பை ஏற்பது இந்து அறக்கட்டளை வாரியம். ஊர்வல வழி, தொடங்கும் நேரம், காவடியின் அளவு, இசைக்குரிய இடம் யாவும் முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. பல இடங்களில் சாலை முழுவதையும் அடைக்காமல் ஒரு பகுதியை மட்டுமே ஒதுக்குகின்றனர். மறுபகுதியில் பேருந்தும் உந்துவண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். நள்ளிரவையொட்டிக் காவடிகள் புறப்படத் தொடங்குவதால், நெரிசல் ஓரிரவும் ஒரு பகலுமாகப் பரந்து தணிகின்றது.

இவையெல்லாம் அலுவலகத் தாள்களின் செய்தி எனச் சிலர் கருதலாம். ஆனால் 2021, 2022 ஆகிய இரண்டாண்டுகளில் கொள்ளைநோயின் காரணமாக ஊர்வலம் நடைபெறவில்லை. அப்பொழுதுதான், காவடி வராத சிராங்கூன் சாலை எத்தகையது என்பதை நாம் கண்டோம். 2023-இல் காவடிகள் மீண்டும் அவ்வீதியில் இறங்கின. அந்த இசைவு நிலைப்பது, அதனைக் கேட்டுப் பெறுவோரின் பொறுப்பையும் அதன் நிழலில் நடப்போரின் ஒழுக்கத்தையும் பொறுத்தது. நம் மாணவர்களுக்குத் தைப்பூசத்தின் புராணக் கதையைச் சொல்லும்போது, இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.